ஐம்பதாம் ஆண்டு டாக்டர் ஹூ எபிசோடு: கேலிஃப்ரேயைக் காப்பாற்றியது சரியா?

24 நவம்பர் 2013, காலை

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: 'டாக்டர் ஹூ' பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். நாயகன் 'டாக்டர்' கேலிஃப்ரே கிரகத்தின் டைம் லார்டு இனத்தவர், காலத்தில் பயணிப்பவர், சாகும் தறுவாயில் வேறு உடலாக உருமாறுவார். அதனால்தான் எக்கிள்ஸ்டன், டென்னன்ட், மேட் ஸ்மித் என்று பலர் ஒரே டாக்டராக நடித்திருக்கிறார்கள். டாலெக் என்ற எதிரி இனத்தோடு நடந்த காலப்போரை முடிக்கத் தன் கிரகத்தையே அவர் எரித்தார் என்பதுதான் 2005-இலிருந்து சொல்லப்பட்ட கதை.

இங்கே ஒருவர் கேட்டிருப்பது: "நேற்று வந்த 'தி டே ஆஃப் தி டாக்டர்' எட்டு வருடமாகக் கட்டிய கதையை ஒரே ராத்திரியில் இடித்துவிட்டது. சொந்தக் கிரகத்தையே எரித்தவர் என்ற பாரத்தைச் சுமந்ததால்தான் எக்கிள்ஸ்டனும் டென்னன்ட்டும் நம் மனதில் நின்றார்கள். கேலிஃப்ரே எரியவே இல்லை என்றால் 2005-இலிருந்து அவர்கள் அழுததற்கு என்ன அர்த்தம்?"

நான் நேர் எதிர்ப்பக்கம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கதை முழுவதையும் பேசப்போகிறேன்.

முதலில், இதற்கான பதில் எபிசோடுக்குள்ளேயே இருக்கிறது. ஓவியக்கூடத்தில் விடைபெறும்போது ஜான் ஹர்ட் நடித்த போர் டாக்டர் (காலப்போரில் சண்டையிட்ட, எக்கிள்ஸ்டனுக்கு முந்தைய டாக்டர்) தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: காலக்கோடுகள் ஒத்துப்போகவில்லை, கிரகத்தைக் காப்பாற்ற முயன்றது தனக்கு நினைவிருக்காது, எரித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடுதான் இனி வாழ வேண்டும். டென்னன்ட்டுக்கும் அதே கதி. மேட் ஸ்மித் ஒருவருக்கு மட்டும்தான் நினைவு மிஞ்சுகிறது. ஆகவே 2005-இல் எக்கிள்ஸ்டன் அந்த டாலெக்கின் முன்னால் நின்று கத்திய கத்தலில் ஒரு துளிகூடப் பொய்யாகவில்லை. தான் செய்ததாக அவர் முழுமையாக நம்பினார், அந்த நம்பிக்கைக்குப் போதுமான காரணமும் இருந்தது.

இரண்டாவது, எனக்கு முக்கியமாகப் படுவது: டாக்டரின் குற்ற உணர்வு, கிரகத்தை எரிக்கும் ஆயுதத்தின் பட்டனை அழுத்தியதால் மட்டும் வந்ததல்ல. அந்த ஆயுதத்தைத் தோளில் சுமந்துகொண்டு பாலைவனத்தில் நடந்து, அந்தக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாரே, அந்த நடை நடந்தது நடந்ததுதான். அதை யாரும் அழிக்கவில்லை.

சிறைக்காட்சியை மறுபடி பாருங்கள். டவர் ஆஃப் லண்டன், மூன்று டாக்டர்களும் ஒரே அறையில். அன்றைக்கு கேலிஃப்ரேயில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா என்று போர் டாக்டர் கேட்கிறார். ஸ்மித் சுவரைச் சுரண்டிக்கொண்டே தெரியாது என்கிறார். டென்னன்ட் உடனே எண்ணைச் சொல்கிறார்: 247 கோடி. சொன்ன கையோடு ஸ்மித்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்த எபிசோடு. நானூறு வருடத்தில் நான் இதை மறந்துவிடுவேனா என்று ஒருவர் தன் எதிர்காலத்தையே பார்த்துக் கோபப்படுகிறார். மறந்தவருக்கும் எண்ணிக்கொண்டே இருப்பவருக்கும் நடுவில், இன்னும் செய்யாத ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரையும் கவனிக்கிறார். இப்படி எழுதியவர் பழைய கதையை மதிக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

24 நவம்பர் 2013, இரவு

திரையரங்கில் பார்த்த அனுபவத்தைச் சிலர் கேட்டார்கள். நான் லண்டனில் 3டியில் பார்த்தேன். படத்துக்கு முன்னால் தொடரின் வேடிக்கையான வேற்றுக்கிரகப் போர்வீரன் ஸ்ட்ராக்ஸ் வந்து, செல்போனை அணைக்காதவர்களுக்கும் பாப்கார்ன் தின்பவர்களுக்கும் என்ன தண்டனை என்று மிரட்டினார். அரங்கம் அங்கேயே கலகலத்துவிட்டது. என் பக்கத்து இருக்கையில் ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், தரையில் புரளும் அளவுக்கு நீளமான பின்னல் ஸ்கார்ஃப் சுற்றியிருந்தாள். அப்படி ஒரு ஸ்கார்ஃபோடு வந்த நான்காம் டாக்டர் டாம் பேக்கர் 1981-இலேயே தொடரை விட்டுப் போனவர். அவள் அம்மாகூட அப்போது சிறுபிள்ளையாகத்தான் இருந்திருப்பார்.

கேலிஃப்ரேயின் வானத்தில் எல்லா டாக்டர்களின் டார்டிஸ்களும் (காலப்பயண வண்டிகள்) ஒவ்வொன்றாக வரும்போது, பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்று தளபதி சலித்துக்கொள்ள, இல்லை ஐயா, பதின்மூன்று என்று பதில் வரும். அடுத்த டாக்டராக வரப்போகும் பீட்டர் கபால்டியின் புருவமும் கண்ணும் திரையில் வந்தது ஒரு நொடிதான். அரங்கமே எழுந்து கத்தியது, அதற்கடுத்த வசனம் எனக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் ஓவியக்கூடத்தில் டாம் பேக்கரின் குரல் வந்தபோது எதிர்மாறு. யாரும் மூச்சுவிடவில்லை. அந்தச் சிறுமி ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

ஒரே நேரத்தில் 94 நாடுகளில் ஒளிபரப்பாகி கின்னஸ் சாதனையும் ஆகியிருக்கிறது.

25 நவம்பர் 2013

"கடைசி நிமிடத்தில் மாயமந்திரம் போட்டு முடித்துவிட்டார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு. இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இந்தத் தொடரில் அப்படி முடிந்த கதைகள் உண்டு, இது அந்த ரகம் இல்லை.

கேலிஃப்ரேயை ஓவியம்போல் ஒரு கணத்தில் உறையவைத்துக் காப்பாற்றும் முடிவுக்கு வேண்டிய இரண்டும் முன்பே நம் கண் முன்னால் வைக்கப்பட்டுவிட்டன. ஒன்று, ஓவியங்கள். அவை உண்மையில் ஒரு கணத்தை அப்படியே உறையவைத்தவை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அதைப் பயன்படுத்தித்தான் சைகான்கள் என்ற உருவம் மாற்றும் வேற்றுக்கிரகவாசிகள் நூற்றாண்டுகளைத் தாண்டுகிறார்கள். இரண்டு, சிறையின் மரக்கதவு. டாக்டரின் கைக்கருவியான சோனிக் ஸ்க்ரூட்ரைவர் மரத்தில் வேலை செய்யாது. கதவைக் கரைக்கும் கணக்கைப் போட நூற்றாண்டுகள் ஆகும். போர் டாக்டரின் கருவியில் கணக்கை ஆரம்பித்தால், உறை மாறினாலும் உள்ளே ஓடும் மென்பொருள் ஒன்றே என்பதால், நானூறு வருடம் கழித்து ஸ்மித்தின் கருவியில் விடை தயாராக இருக்கும். இவ்வளவு யோசித்து முடிக்கும்போது டாக்டரின் துணைப்பயணி கிளாரா வெளியிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள், கதவு பூட்டியே இல்லை. நாம் சிரிக்கிறோம், சிரித்ததால் அந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுகிறோம். அரைமணி நேரம் கழித்து அதே யோசனைதான் ஒரு கிரகத்தையே காப்பாற்றுகிறது: முதல் டாக்டர் கணக்கை ஆரம்பித்தார், பதின்மூன்றாமவர் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

எபிசோடை எழுதிய ஸ்டீவன் மொஃபட்டை எனக்கு எல்லா விஷயத்திலும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எலிசபெத் ராணிக் காட்சிகள் நீளம். ஆனால் அந்தக் கதவு அபாரமான வேலை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2005-இல் எக்கிள்ஸ்டன் சீசனில் வாயு முகமூடிச் சிறுவன் கதையை எழுதியவரும் இதே மொஃபட்தான். அதன் முடிவில் எக்கிள்ஸ்டன் துள்ளிக் குதித்து, ஒரு முறையாவது எல்லாரும் பிழைத்தார்கள் என்று கூவுவார். எட்டு வருடம் கழித்து அவருக்கு அதைவிடப் பெரிய அளவில் அதே வரத்தைக் கொடுத்திருக்கிறார், வாங்கிக்கொண்டதே தெரியாதபடி.

26 நவம்பர் 2013

இன்று கோபக்காரர்கள் முறை. "பழைய டாக்டர்களான பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூன்று பேரும் உயிரோடு, நலமாக இருக்கிறார்கள். ஐம்பது வருட விழாவுக்கு அவர்களைக் கூப்பிடாதது அநியாயம்" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வருத்தம் புரிகிறது. டேவிசனுக்கும் புரிந்திருக்கிறது, அதனால்தான் அவரே எழுதி இயக்கி 'தி ஃபைவ்(இஷ்) டாக்டர்ஸ் ரீபூட்' என்று அரைமணி நேரப் படம் எடுத்துவிட்டார். மூன்று கிழவர்களும் எப்படியாவது விழா எபிசோடுக்குள் நுழையப் பார்க்கிற கதை. கடைசியில் ஓவியக்கூடத்தில் துணி போர்த்தி நிற்கும் சிலைகளுக்குள் இவர்கள்தான் நிற்கிறார்கள். தேடிப் பார்த்துவிடுங்கள், அவ்வளவு அன்பான படம்.

ஆனால் இந்தத் தொடரின் விழா எபிசோடுகளைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொன்றும் வராதவர்களை வைத்தே உருவாகியிருக்கிறது.

பத்தாம் ஆண்டுக்கான 'தி த்ரீ டாக்டர்ஸ்' 1972 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னல் அதற்குள் நோயாளி. நின்று நடிக்க முடியாது, வசனம் மனதில் நிற்காது. அவரைக் காலச்சுழலில் மாட்டிக்கொண்டவராக எழுதி, திரைக்குள் இருந்து பேசவைத்தார்கள். அட்டையில் எழுதியதைப் படித்துப் படித்துப் பேசினார். அதுதான் அவர் கடைசியாக நடித்தது, 1975-இல் போய்விட்டார்.

இருபதாம் ஆண்டுக்கு 1983-இல் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்'. ஹார்ட்னல் இல்லை, அவர் இடத்தில் ரிச்சர்ட் ஹர்ன்டால். டாம் பேக்கர் மாட்டேன் என்றுவிட்டார். 1979-இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன 'ஷாடா' கதையிலிருந்து, கேம்பிரிட்ஜ் ஆற்றில் படகு ஓட்டும் துண்டை எடுத்து ஒட்டி, அவரும் காலச்சுழலில் மாட்டிக்கொண்டதாக ஆக்கினார்கள். பத்திரிகைப் படத்துக்கு அவருக்குப் பதில் மெழுகுச் சிலையைக் கொண்டுவந்து மற்றவர்கள் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

இப்போது ஐம்பது. எக்கிள்ஸ்டனிடம் பேசிப் பார்த்தார்கள், அவர் வரவில்லை. அந்த வெற்றிடத்திலிருந்துதான் ஜான் ஹர்ட் வந்தார். ஒருவேளை எக்கிள்ஸ்டன் சரி என்றிருந்தால் இது மூன்று பழக்கப்பட்ட முகங்கள் கூடிக் கலாட்டா செய்கிற எபிசோடாக முடிந்திருக்கும். தன் பெயரையே கீழே வைத்துவிட்ட ஒரு டாக்டர், மற்ற எல்லாரும் மறைத்து வைத்த ஒருவர், நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

போர் டாக்டர் உருமாறத் தொடங்கும்போது, இந்த முறையாவது காது கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும் என்கிறார். எக்கிள்ஸ்டனின் காதைத் தெரிந்த அத்தனை பேரும் சிரித்தோம். ஒளி பரவுகிறது, முகம் மாறத் தொடங்குகிறது, அத்தோடு காட்சி வெட்டப்படுகிறது. அந்த வெட்டு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வசனத்தில் வராதவருக்கு எவ்வளவு அன்பான வரவேற்பு!

1 டிசம்பர் 2013

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

1963 நவம்பர் 23-இல் முதல் எபிசோடு வந்தபோது கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை முதல் எபிசோடை மறுபடி போட்டுவிட்டு, பிறகு இரண்டாவதைப் போட்டார்கள். அதை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், அப்போது 24 வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. பிபிசி நாடகப் பிரிவில் அன்றைக்கு இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். டாலெக் வேண்டாம் என்று மேலிடம் சொன்னபோது பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். மார்க் கேட்டிஸ் எழுதி 21-ஆம் தேதி வந்த 'ஆன் அட்வெஞ்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்' இதைத்தான் சொல்கிறது. ஹார்ட்னலாக டேவிட் பிராட்லி, ஹுசைனாக சச்சா தவான். விழாவில் இரண்டாவதாக எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, நைஜீரியா. பிபிசி பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்திய காலத்தில் போன எபிசோடுகள் 106. அவற்றில் ஒன்பது ஜோஸ் நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரியில் கிடைத்ததாக அக்டோபரில் அறிவித்தார்கள். இரண்டாம் டாக்டர் பாட்ரிக் ட்ரௌட்டனின் கதைகள். இன்னும் 97 இல்லை. இப்படித் தன் சொந்தப் பிள்ளைப்பருவத்தையே தொலைத்த ஒரு தொடர், தொலைந்தது அழியவில்லை, எங்கேயோ உறைந்து கிடக்கிறது, போய்த் தேடு என்று ஐம்பதாம் ஆண்டில் கதை எழுதுகிறது. எழுதியவருக்கு நைஜீரியா விஷயம் முன்பே தெரியுமா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டும் ஒரே மாதக்கணக்கில் வந்ததைப் பார்த்த எங்களுக்கு அது ஒரே கதைதான்.

26 டிசம்பர் 2013

நேற்றைய கிறிஸ்துமஸ் எபிசோடு பார்த்தவர்களுக்கு: கேலிஃப்ரே ஏன் பிழைக்க வேண்டியிருந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

டைம் லார்டுக்குப் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற விதி 1976-இல் 'தி டெட்லி அசாசின்' கதையில் வந்தது. போர் டாக்டரைச் சேர்த்து, டென்னன்ட் ஒரு முறை கையில் உருமாற்றத்தை வீணாக்கியதையும் சேர்த்தால், ஸ்மித்தோடு கணக்குத் தீர்ந்தது. வானத்து விரிசல் வழியாகக் கிளாரா கெஞ்ச, காப்பாற்றப்பட்ட அந்தக் கிரகம்தான் புதிய ஆயுளைக் கொடுக்கிறது. நவம்பரில் அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேலிஃப்ரே எரிந்திருந்தால் டாக்டரும் இந்த எபிசோடு நடக்கும் ட்ரென்சலோர் கிரகத்திலேயே முடிந்திருப்பார், கபால்டியும் கிடையாது.

14 செப்டம்பர் 2014

'லிஸன்' எபிசோடு பார்த்தீர்களா? அந்தக் கொட்டகை!

உலகத்தையே எரிக்க ஓர் ஆள் எங்கே போவான்? போன வருடம் ஏன் ஒரு பாழடைந்த கொட்டகை என்று நான் யோசித்ததே இல்லை, அரங்க அமைப்பு என்று விட்டுவிட்டேன். சின்ன வயதில் இரவில் பயந்து தனியாக அழுதுகொண்டு படுத்திருந்த இடமாம் அது. வேறு எங்கும் போக மனமில்லாமல் அங்கே போயிருக்கிறார். இனி அந்த நடையை என்னால் பழையபடி பார்க்க முடியாது.

8 நவம்பர் 2015

ஐம்பதாம் ஆண்டு எபிசோடில் வந்த மனிதர்-சைகான் உடன்படிக்கை அந்தரத்தில் நிற்கிறது என்று இங்கே எத்தனை பேர் குறைப்பட்டீர்கள், நானும் அதை ஒரு ஓட்டையாகவே வைத்திருந்தேன். பிளாக் ஆர்கைவ் என்ற ரகசியக் கிடங்கில் மனிதர் யார், சைகான் யார் என்று அவர்களுக்கே தெரியாமல் நினைவை அழித்து, பேசி முடியுங்கள் என்று விட்டுவிட்டு மூன்று டாக்டர்களும் கிளம்பிவிட்டார்கள் இல்லையா? இரண்டு வருடம் கழித்து நேற்று அதே அறை, மேஜைமேல் இரண்டு பெட்டி, யாரும் அழுத்தலாம். கபால்டி பேசுகிற அந்தக் காட்சியை இதற்குள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். போர் என்றால் என்ன என்று ஒருவர் தன் கைகளை நீட்டிச் சொல்கிறார், குரல் உடைகிறது. பட்டன்மேல் கை வைத்த ஒருவரால்தான் அதைப் பேச முடியும். தானும் ஒரு நாள் இப்படி ஒரு பெட்டியின் முன்னால் நின்றதை அவரே சொல்கிறார்.

பெட்டிகள் காலி என்பது அப்புறம்தான் தெரிகிறது.

6 டிசம்பர் 2015

'ஹெல் பென்ட்' பற்றி இப்போதைக்கு ஒன்று மட்டும். கேலிஃப்ரே திரும்பி வந்தது. கொட்டகை வாசலில் டாக்டர் சூப் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கம் வந்து நின்ற காட்சி அற்புதம். ஆனால் 2013-இல் வானத்தைப் பார்த்துப் பதின்மூன்று டாக்டர்களையும் எண்ணிய அதே தளபதியை அவர் சுட்டாரே, உருமாறி எழுவார் என்று தெரிந்திருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

28 ஜனவரி 2017

ஜான் ஹர்ட் காலமானார். 77 வயது.

ஒரே ஒரு எபிசோடு, அதற்கு முன்னால் ஒரு சில நிமிடம், அவ்வளவுதான் திரையில். ஆனாலும் அவரை டாக்டர் வரிசையில் வைக்காமல் என்னால் எண்ண முடியாது. பிக் ஃபினிஷ் நிறுவனத்துக்காகப் போர் டாக்டராக நான்கு ஒலி நாடகத் தொகுப்புகளும் செய்திருக்கிறார், கடைசித் தொகுப்பு அடுத்த மாதம் வர இருக்கிறது.

டென்னன்ட்டும் ஸ்மித்தும் சோனிக் ஸ்க்ரூட்ரைவரைத் துப்பாக்கிபோல் நீட்டி நிற்க, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், எதற்காவது அலமாரி செய்து மாட்டப்போகிறீர்களா என்று கேட்பார் பாருங்கள், அந்த எரிச்சலுக்குள் அவ்வளவு பாசம். தன்னைவிட வயதில் மூத்தவர்களைப் பார்த்து, இவர்கள் ஏன் குழந்தைகள்போல் நடந்துகொள்கிறார்கள் என்று திகைக்கும் இளையவர் அவர். கதைப்படி அவர்தான் இளையவர்! எழுபதைத் தாண்டிய ஒரு நடிகர், எதிரில் நிற்கும் இரண்டு இளைஞர்களையும் தனக்கு மூத்தவர்களாக நம்மை நம்பவைத்தார்.

அவர் நினைவாக 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' குறும்படத்தையும் மறுபடி பாருங்கள், ஏழு நிமிடம்கூட இல்லை. எட்டாம் டாக்டர் பால் மெக்கேன் ஒரு பெண்ணை விழப்போகும் கப்பலிலிருந்து காப்பாற்ற ஓடுகிறார். டார்டிஸைப் பார்த்ததும் அவள் பின்வாங்குகிறாள். டைம் லார்டின் உதவிக்குச் சாவே மேல் என்று நின்று செத்துப்போகிறாள். அதற்கப்புறம்தான் டாக்டர் போர்வீரனாக மாறச் சம்மதிக்கிறார். இதைப் பார்த்துவிட்டுப் பெரிய எபிசோடுக்குப் போனால், போர் டாக்டர் தன்மேல் வைத்திருக்கும் வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

3 செப்டம்பர் 2019

டெரன்ஸ் டிக்ஸும் போய்விட்டார். 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' எழுதியவர். தொடரின் கதைகளை அறுபதுக்கும் மேற்பட்ட சின்னப் புத்தகங்களாக எழுதி, டேப் அழிந்துபோன காலத்தில் பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

டாக்டர் கொடூரராகவும் இருக்கமாட்டார், கோழையாகவும் இருக்கமாட்டார் என்று 1970-களில் அவர் எழுதி வைத்தார். ஐம்பதாம் ஆண்டில் கொட்டகைக்குள் கிளாரா கண் கலங்கி நிற்க, தன் பெயருக்காக எடுத்த சத்தியம் என்று டாக்டர்கள் சொல்வது அந்த வார்த்தைகளைத்தான். இங்கே ஆறு வருடமாக நாம் மொஃபட் சரியா தப்பா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முடிச்சை அவிழ்த்த வரி டிக்ஸுடையது.

6 ஜனவரி 2020

எரித்துவிட்டார்கள்.

நேற்று 'ஸ்பைஃபால்' இரண்டாம் பாகம். கேலிஃப்ரே சாம்பல். டாக்டரின் பழைய எதிரி, இன்னொரு டைம் லார்டான மாஸ்டர் செய்தானாம். டாக்டராக வரும் ஜோடி விட்டேக்கர் டார்டிஸ் வாசலில் நின்று பார்க்கிறார், கோட்டைக் கண்ணாடிக்கூண்டு உடைந்து புகைந்துகொண்டிருக்கிறது.

எனக்கு உண்மையாகவே கோபம். காரணம் என்னவென்று இன்னும் சொல்லவில்லை, அது எவ்வளவு பெரிய ரகசியமாகவும் இருக்கட்டும். பதின்மூன்று பேர் சேர்ந்து காப்பாற்றியதை ஒருவர் திரைக்கு வெளியே அழித்தார் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. 2013-இல் "எட்டு வருடக் கதையை இடித்துவிட்டார்கள்" என்று ஒருவர் இங்கே எழுதியபோது அவர் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. கருத்தில் அவரோடு இன்னும் மாறுபடுகிறேன். 2013 எபிசோடு தான் மாற்றியதற்கு ஒன்றே கால் மணி நேரம் மல்லுக்கட்டியது. இது ஒரு காட்சியில் முடிந்துவிட்டது.

மாஸ்டராக நடிப்பது சச்சா தவான், 2013-இல் வாரிஸ் ஹுசைனாக வந்தவர். நடிப்பு அபாரம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

22 மார்ச் 2020

எல்லாரும் வீட்டுக்குள். நேற்றிரவு ஏழு மணிக்கு டாக்டர் ஹூ மேகசினைச் சேர்ந்த எமிலி குக் அழைப்பு விடுக்க, உலகம் முழுவதும் ரசிகர்கள் ஒரே நேரத்தில் 'தி டே ஆஃப் தி டாக்டர்' போட்டுப் பார்த்தோம். மொஃபட் ட்விட்டரில் கூடவே எழுதிக்கொண்டிருந்தார், ஸ்ட்ராக்ஸுக்குப் புதிதாக ஒரு முன்னுரையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஜனவரியில் இருந்த கோபத்தோடுதான் உட்கார்ந்தேன், கேலிஃப்ரே எப்படியும் எரியத்தானே போகிறது என்று. அரைமணி நேரத்தில் அது மறந்துவிட்டது. அந்தக் குழந்தைகளை எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று மறுபடி மனம் அடித்துக்கொண்டது. அன்றைக்கு அவர் அவர்களைக் காப்பாற்றினார். அப்புறம் யார் என்ன செய்தாலும், அன்றைக்குக் காப்பாற்றினார் என்பது மாறாது. 2013-இல் நான் கொட்டகை நடையைப் பற்றிச் சொன்னதையே இதற்கும் சொல்லலாம், நடந்தது நடந்ததுதான்.

15 மே 2021

எக்கிள்ஸ்டன் திரும்பிவிட்டார்! பிக் ஃபினிஷ் ஒலி நாடகம், 'ராவேஜர்ஸ்'. பதினாறு வருடம் கழித்து அதே குரல், அதே வேகம். கேட்டுக்கொண்டே சமையல் செய்தேன், ஓர் இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதாம் ஆண்டில் வராதவர், விழா எதுவும் இல்லாத ஒரு மாதத்தில் வந்து கதவைத் தட்டுகிறார். எனக்குப் போதும்.

10 டிசம்பர் 2023

அறுபதாம் ஆண்டு மூன்றும் முடிந்தன. 2005-இல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரசல் டி டேவிஸ், டென்னன்ட், பழைய துணைப்பயணி டோனாவாக கேத்தரின் டேட். நேற்று 'தி கிகிள்'.

பை-ஜெனரேஷன் (டாக்டர் உருமாறிப் போகாமல் இரண்டு பேராகப் பிரிவது) பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டவர்களுக்கு: நினைத்ததைவிட அதிகமாகக் கலங்கினேன், ஒப்புக்கொண்டதோ நினைத்ததைவிடக் குறைவு.

கலங்கியது எதற்கு என்றால், இரண்டாகப் பிரிந்ததும் புதிய டாக்டர் ஷூட்டி கட்வா டென்னன்ட்டைக் கட்டிப்பிடித்து, நீ ஓடி ஓடித் தேய்ந்துவிட்டாய், நில் என்கிறாரே, அதற்கு. நான் நன்றாக இருப்பது நீ ஓய்வெடுத்ததால்தான் என்கிறார். காலப்போரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவரை யாரோ ஒருவர் நிறுத்தினார். ஐம்பதாம் ஆண்டு எபிசோடு டாக்டருக்கு, நீ அதைச் செய்யவில்லை என்று சொன்னது. அறுபதாம் ஆண்டு, செய்தாயோ இல்லையோ, களைத்திருக்கிறாய் என்று சொல்கிறது. 2005-இன் துக்கத்துக்கு இரண்டுமே வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். 2013-இல் இந்த விவாதத்தை ஆரம்பித்தவர் இன்னும் படிக்கிறார் என்றால், நீங்கள் கேட்ட அழுகைக்கு இங்கே மரியாதை கிடைத்திருக்கிறது என்று சொல்வேன்.

ஒப்புக்கொள்ளாதது எதை என்றால், யாரும் போகவில்லை என்பதை. இந்தத் தொடரில் ஒரு டாக்டர் வர வேண்டுமானால் இன்னொருவர் போக வேண்டும். ஹார்ட்னல் போனதால் ட்ரௌட்டன் வந்தார், ஹர்ட் போனதால் எக்கிள்ஸ்டன். டென்னன்ட் தோட்டத்தில் டோனா குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது மனதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அவர் இருக்கிறார் என்றால் கட்வாவின் வருகை பாதியாகிவிடுகிறது. கட்வா அதைத் தாண்டிவிடுவார், ஒற்றைக் காட்சியிலேயே தெரிகிறது. இருந்தாலும் அவரைத் தாண்ட வைத்திருக்கக் கூடாது.

வராதவர் என்று பார்த்தால் இந்த முறை பெர்னார்ட் கிரிபின்ஸ். டோனாவின் தாத்தா வில்ஃபாக ஒரே ஒரு காட்சி எடுத்திருந்தார்கள், அதற்குள் போன வருடம் காலமாகிவிட்டார். 'வைல்ட் ப்ளூ யோண்டர்' கடைசியில் சக்கர நாற்காலியில் டாக்டரைப் பார்த்துச் சிரிக்கிறாரே, அறுபதாம் ஆண்டில் எனக்கு மிகப் பெரிய இடம் அதுதான்.

11 டிசம்பர் 2023

இதுவரை எதுவும் பார்த்திராத ஒருவருக்கு ஐம்பதாம் ஆண்டு எபிசோடை நேரடியாகக் காட்டலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வேண்டாம்மா. 2005 சீசனில் 'டாலெக்' எபிசோடைக் காட்டுங்கள், எக்கிள்ஸ்டன் கத்துவதைப் பார்க்கட்டும். பிறகு வாயு முகமூடிக் கதையின் இரண்டு பாகமும். டென்னன்ட், ஸ்மித் இருவரிடமும் உங்களுக்குப் பிடித்த கதைகள் இரண்டிரண்டு. 'தி நைட் ஆஃப் தி டாக்டர்', அப்புறம் 'தி டே ஆஃப் தி டாக்டர்', இரண்டையும் ஒரே மாலையில் காட்டுங்கள். சைகான் இரட்டைக் கதையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடனே போட்டால் கபால்டியின் பேச்சு அமுங்கிப்போகும். 'ஸ்பைஃபால்' பற்றி இப்போதைக்குச் சொல்லவே வேண்டாம்.